வெள்ளியும் செம்பும்: பானிப்பட்டுக்கு ஒரு நாட்பயணம்

சரித்திர பாடம் கற்ற மாணவர் எவரிடமேனும் பானிப்பட்டைப் பற்றிக் கேட்டால், 1526, 1556, 1761 என்னும் மூன்று ஆண்டுகளைத் தயங்காது ஒப்புவிப்பர். முதலாவது போரில் பாபர் இப்ராகிம் லோடியை வென்றான். இரண்டாவதில் அக்பரின் படை ஹேமுவை வென்றது. மூன்றாவதில் அகமது ஷா அப்தாலி மராட்டியரை வென்றான். வென்றவன் பெயர், தோற்றவன் பெயர், ஆண்டு, விளைவு என்னும் நான்கு கூறுகளோடு விடை முற்றுப்பெறும். உரிய புள்ளியும் கிடைக்கும். இருநூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுள் மும்முறை அந்த வெளியிற் சிந்திய குருதி யாருடையது, அப்படைகளுக்குச் சோறிட்டவர் யார், போர் முடிந்த மறுநாள் அவ்வூர் உழவனின் வயல் எந்நிலையிற் கிடந்தது என்னும் வினாக்கள் நமது வினாத்தாள்களில் இடம்பெறுவதில்லை.

நம் நாட்டிலிருந்து வட இந்தியாவுக்குச் செல்வோர் தொகை சிறிதன்று. புத்தகயாவையும் காசியையும் தரிசித்துத் தில்லிக்கு வருவர், செங்கோட்டையைக் காண்பர், ஆக்ராவில் தாஜ்மகாலின் முன் நின்று படம்பிடித்துக்கொண்டு திரும்புவர். தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில், காலையிற் சென்று மாலையில் மீளக்கூடிய இடத்தில், இந்திய உபகண்டத்தின் அரசியலை மும்முறை மாற்றிய போர்க்களம் இருப்பதை அவர்களுட் பெரும்பாலோர் நினைப்பதில்லை. அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர். கண்ணைப் பறிக்கும் மாளிகைகள் அங்கே இல்லை என்பது உண்மையே. ஆயினும் சரித்திரத்தைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் தாஜ்மகாலினும் மேலான பாடம் பானிப்பட்டில் உண்டு. அந்த ஒரு நாளை எவ்வாறு திட்டமிடலாம், எவ்வினாக்களை மனத்திற் கொண்டு செல்ல வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு இன்று தனியானதொரு தேவையும் உண்டு. பானிப்பட்டுப் போர்களை இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த சமயப் போராகக் காட்டும் முயற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. மூன்றாம் போரைப் பற்றிய பெருஞ்செலவுத் திரைப்படமொன்று 2019இல் இந்தியில் வெளிவந்தது. அதிற் பரத்பூர் மன்னன் சூரஜ்மால் சித்திரிக்கப்பட்ட முறையை எதிர்த்து ராஜஸ்தானத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இந்திய மத்திய பாடநூல் நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்புச் சரித்திர நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயத்தை நீக்கிவிட்டது. 2023இல் அச்சான நூல் அந்த அத்தியாயம் இன்றியே வந்தது. பாடநூலில் ஓர் அத்தியாயம் மறையும்போது அவ்விடத்தைத் திரைப்படமும் மேடைப்பேச்சும் நிரப்புகின்றன. இந்நிலையில், போர்க்களத்தை நேரிற் சென்று ஆராய்வது ஆசிரியருக்குரிய கடமைகளுள் ஒன்றாகின்றது.

புறப்படுவதற்கு முன் தேசப்படத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். மூன்று பெரும் போர்களும் ஒரே இடத்தில் நிகழ்ந்தமை தற்செயலன்று, விதியின் விளையாட்டுமன்று. வடக்கே இமயத்தின் அடிவாரம். தென்மேற்கே தார்ப் பாலைவனம். இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய சமவெளி. கைபர் கணவாய் வழியே பஞ்சாபினுள் நுழையும் எந்தப் படையும் தில்லியை அடைய இச்சமவெளியைக் கடந்தே ஆக வேண்டும். கிழக்கே யமுனை ஆறு நீர் தந்தது. குதிரைப் படை பாய்வதற்குத் தடையற்ற சமநிலம் இருந்தது. சந்தையும் தானியமும் உள்ள ஊர் அருகே இருந்தது. தில்லியை ஆண்டோர் பகைவனை நகரத்து வாயிலில் எதிர்கொள்ள விரும்பாது வடக்கே வந்து இங்கேயே மறித்தனர். விளைநிலமும் நீரும் பெருவழியும் ஒருங்கே அமைந்த ஊர் வாணிகத்திற்கு ஏற்றது. அதே காரணத்தாற் போருக்கும் ஏற்றதாயிற்று. பானிப்பட்டின் செழிப்பே அதன் துன்பத்துக்கு வித்தாயிற்று எனலாம்.

காலத்தையும் கருத வேண்டும். சித்திரை, வைகாசியில் அச்சமவெளியின் வெயில் நம்மவரால் தாங்கக்கூடியதன்று. மார்கழி, தை மாதங்களிற் பனிமூட்டம் மிகும். புகையிரதங்கள் பல மணி நேரம் பிந்தும். கார்த்திகையின் முற்பகுதியும் மாசி, பங்குனியும் உகந்தவை. தில்லியிலிருந்து அம்பாலா செல்லும் இருப்புப்பாதையிற் பானிப்பட்டு முக்கியமானதொரு நிலையம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்கே சேரலாம். எனினும், போகும்போதேனும் பஸ் வண்டியிற் செல்வது நன்று. பழைய பெருவழியாகிய கிராண்ட் டிரங்க் சாலையே இன்றைய நாற்பத்துநான்காம் இலக்கத் தேசிய நெடுஞ்சாலையாக அவ்வழியே செல்கின்றது. அச்சாலையும் நாம் படிக்கவேண்டிய நூல்களுள் ஒன்று.

பஸ் நிலையம் அமைந்திருப்பது காஷ்மீர் வாயிலின் அருகே. 1857 செப்தெம்பர் 14ஆந் திகதி ஆங்கிலப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்து நுழைந்த வாயில் அதுவேயாகும். அதன் சுவர்களிற் குண்டுபட்ட வடுக்களை இன்றும் காணலாம். அங்கிருந்து வடமேற்கே உள்ள குன்றுத் தொடரில் 1863இல் ஆங்கிலேயர் எழுப்பிய நினைவுக் கோபுரம் நிற்கின்றது. தம் பக்கத்தில் மாண்டோரையும் காயமுற்றோரையும் அவர்கள் அங்கே பொறித்துவைத்தனர். எதிர்த்து நின்று மடிந்த சிப்பாய்களும் நகரமக்களும் அக்கல்வெட்டில் ‘எதிரி’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கினர். ‘எதிரி’ எனக் குறிக்கப்பட்டோர் அந்நிய ஆட்சியை எதிர்த்து உயிர்நீத்த தியாகிகளே என்று அறிவிக்கும் புதிய கல்வெட்டொன்று 1972இல் அங்கே வைக்கப்பட்டது. பழைய கல்லைப் பெயர்க்காமல் அதனருகே மறுப்பை எழுதிவைத்த அச்செயல், சரித்திரத்தைத் திருத்தி எழுதும் நேர்மையான வழிக்கு நல்ல உதாரணமாகும். நாளின் தொடக்கத்தில் மாணவர் இதனைக் கண்டுவிட்டால், கல்வெட்டு என்பதும் ஒரு கட்சியின் குரலே என்பதை விளக்க நீண்ட விரிவுரை வேண்டியதில்லை.

நகரைக் கடந்து செல்லும் வண்டி தில்லியின் எல்லையாகிய சிங்குவை அடையும். 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை ஓராண்டுக்கும் மேலாகப் பஞ்சாப், ஹரியானா முதலிய பகுதிகளின் உழவர்கள் உழவு இயந்திரங்களோடும் கூடாரங்களோடும் இச்சாலையிலே தங்கி, மூன்று வேளாண்மைச் சட்டங்களை எதிர்த்தனர். வடக்கிலிருந்து இப்பெருவழியே தில்லியை நோக்கி வந்த கூட்டங்களுள் அரியணையைக் கேளாத கூட்டம் அது. தம் விளைபொருளுக்கு உரிய விலையையும் அதற்கான பாதுகாப்பையுமே அவர்கள் கேட்டனர். பழைய படைகள் வழியிலுள்ள ஊர்களைக் கொள்ளையிட்டு உண்டன. இவர்களோ சாலையோரத்திற் பொதுச் சமையற்கூடம் அமைத்து வழிப்போக்கருக்கும் உணவளித்தனர். குளிராலும் நோயாலும் விபத்தாலும் எழுநூறு பேருக்கு மேல் மாண்டனர் என்பது உழவர் அமைப்புகளின் கணக்கு. இறுதியில் அச்சட்டங்கள் மீளப்பெறப்பட்டன. சோற்றை விளைவிப்போர் படைகளின் வழியிற் கிடந்து மிதிபட்ட காலத்துக்கும், அவர்களே அவ்வழியில் அமர்ந்து அரசை இணங்கச் செய்த காலத்துக்கும் இடையே சமுதாயம் கடந்துவந்த தூரத்தை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

அப்பாற் செல்லச் செல்ல, முகலாயர் காலத்துக் ‘கோஸ் மினார்’ என்னும் தூரக் கற்றூண்கள் ஆங்காங்கே தென்படும். பேரரசின் தபாலும் வரிப்பணமும் படையும் சென்ற வழியை அவை காட்டுகின்றன. முர்த்தல் என்னும் ஊரின் சாலையோர உணவகங்களில் வெண்ணெயிட்ட ரொட்டி உண்டு சிற்றுண்டியை முடித்துக்கொண்டால், முற்பகலிற் பானிப்பட்டை அடையலாம்.

நகரினுள் முதலிற் காணவேண்டியது இப்ராகிம் லோடியின் சமாதி. எளிய செங்கல் மேடை ஒன்றின் மேல் அமைந்த கல்லறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுப்பிக்கப்பட்டது. அவனை வென்ற பாபர் தன் வெற்றிக்குப் பின் எழுப்பிய காபூலிபாக் பள்ளிவாசலும் நகரிலேயே உள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துக் காணும் மாணவனுக்கு முதற் பாடம் தானே விளங்கும். இங்கே வென்றவனும் முஸ்லிம், தோற்றவனும் முஸ்லிம். பாபரை இந்தியாவுக்கு அழைத்தவர்களுள் ஒருவன் லோடி மரபினனே ஆகிய பஞ்சாப் ஆளுநன் தௌலத்கான். லோடியின் பக்கத்தில் நின்று அக்களத்தில் மாண்டவர்களுள் குவாலியரின் இந்து அரசன் விக்கிரமஜித்தும் ஒருவன். அவன் மரணத்தை இகழ்ச்சி தொனிக்கப் பாபரே தன் நினைவேட்டிற் குறித்துள்ளான். சமயத்தை அளவுகோலாகக் கொண்டு இப்போரை அளக்க முயல்வோர் முதலடியிலேயே இடறி விழுவர்.

பாபரின் நினைவேடு இப்பயணத்துக்கு முன் படிக்கவேண்டிய நூல். வலப்பக்கத்தில் ஊரின் வீடுகளும், இடப்பக்கத்தில் வெட்டிய பள்ளமும் மரக்கிளைகளும், நடுவே தோற்கயிற்றாற் பிணைத்த எழுநூறு வண்டிகளும் தன் படைக்கு அரணாக அமைந்ததை அவன் விவரிக்கின்றான். வண்டிகளுக்கிடையே துப்பாக்கி வீரரும் பீரங்கிகளும் நின்றனர். லோடியிடம் ஓரிலட்சம் பேரும் ஆயிரம் யானைகளும் இருந்தன என்பது பாபரின் மதிப்பீடு. தன்னுடன் வந்தோர் வணிகரும் வேலையாட்களும் உட்படப் பன்னீராயிரம் என்று எழுதுகின்றான். வென்றவன் தரும் எண்களை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை. பீரங்கி ஓசைக்கு மிரண்ட யானைகளும், தன் வீரருக்கு ஊதியம் தர மனமில்லாத சுல்தானும், பக்கங்களைச் சுற்றிவளைத்த குதிரைப்படையும் சேர்ந்து நண்பகலுக்குள் தில்லி சுல்தானகத்தின் கதையை முடித்துவைத்தன. இவை பாடநூலில் உள்ளவையே.

பாடநூல் கேளாத வினா அந்த எழுநூறு வண்டிகளைப் பற்றியது. வண்டியும் எருதும் ஒரு குடியானவன் வீட்டின் முழுச்செல்வம். அவை யாருடையவை, போர் முடிந்தபின் உடையவரிடம் மீண்டனவா என்பவற்றை எழுதவேண்டும் என்று பாபருக்குத் தோன்றவில்லை. ஆயினும் அவனது ஏட்டிற் குடியானவர் ஓரிடத்தில் வெளிப்படுகின்றனர். வெற்றிக்குப் பின் ஆக்ராவை அடைந்த படை, ஊர்மக்கள் அஞ்சியும் வெறுத்தும் ஓடிவிட்டதால் தனக்குத் தானியமும் குதிரைகளுக்குத் தீனியும் கிடையாது திகைத்தது என்று அவன் எழுதுகின்றான். லோடியின் கருவூலம் தளபதிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தொலைவிலுள்ள காபூல் மக்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளிக்காசு அனுப்பப்பட்டது. அப்பணத்தை வரியாகச் செலுத்திய உழவர் காடுகளில் ஒளிந்திருந்தனர். நிலப்பிரபுத்துவப் போர் ஒன்றின் முழு இயல்பும் இச்சில வரிகளில் அடங்கியிருக்கின்றது.

இரண்டாம் போரின் நாயகன் ஹேமு. ரேவாரியில் வெடியுப்பு முதலிய சிறு பொருள்களை விற்ற வணிகன் எனவும், சூர் மரபினரின் ஆட்சியில் சந்தை மேற்பார்வையாளனாகி உயர்ந்தவன் எனவும் முகலாய வரலாற்றாசிரியர் கூறுவர். அவனது பிறப்பை இழித்துரைப்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. இன்று அவனை இந்து சாம்ராச்சியக் கனவின் வீரனாகப் போற்றுவோர், அவன் அடில்ஷா சூர் என்னும் ஆப்கானிய மன்னனின் முதலமைச்சன் என்பதையும், அவன் நடத்திய படையிற் பெரும்பகுதியினர் ஆப்கானியர் என்பதையும் சொல்லாது விடுவர். 1556 அக்டோபரில் முகலாயரிடமிருந்து தில்லியைக் கைப்பற்றி விக்கிரமாதித்தன் என்ற பட்டத்தைச் சூடினான். நவம்பர் 5ஆந் திகதி பானிப்பட்டில் வெற்றியை நெருங்கியிருந்த வேளையில், யானைமேலிருந்த அவன் கண்ணில் அம்பொன்று பாய்ந்தது. தலைவன் சாய்ந்ததும் படை சிதறியது. பதினான்கு வயதினனாகிய அக்பரின் பெயரால் வைரம்கான் வென்றான். ஹேமுவின் தலை காபூலுக்கு அனுப்பப்பட்டது. உடல் தில்லியிற் காட்சிக்குத் தூக்கிவைக்கப்பட்டது. மாண்டோரின் தலைகள் கோபுரமாக அடுக்கப்பட்டன.

இப்போர் நடந்த காலத்தில் தில்லி, ஆக்ராப் பகுதிகளைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மனிதர் பட்டினியால் மடிந்துகொண்டிருக்கையில் ஹேமுவின் போர்யானைகள் அரிசியும் சர்க்கரையும் நெய்யும் உண்டன என்று வரலாற்றாசிரியர் பதாயுனி எழுதியுள்ளார். பதாயுனி ஹேமுவின் பகைவர் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை மறத்தலாகாது. ஆனால் யானைகள் உண்ணாமற் போர்புரிவதில்லை. அக்பரின் பக்கத்து யானைகளும் உழவனின் களஞ்சியத்தினின்றே உண்டிருக்கும். எந்தப் பக்கத்து யானை நெய்யுண்டது என்று வழக்காடுவதிலும், பஞ்சத்தின் நடுவே யானைக்கு நெய்யூட்டும் சமுதாய அமைப்பு எத்தகையது என்று ஆராய்வதே நம்முடைய வேலை.

நண்பகல் உணவுக்குப் பின் நகருக்கு வெளியே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள காலா ஆம் என்னுமிடத்துக்குச் செல்லவேண்டும். ‘கரிய மா’ என்பது அப்பெயரின் பொருள். மூன்றாம் போரிற் சிந்திய குருதியால் அங்கு நின்ற மாமரமொன்று கறுத்துப்போயிற்று என்பது மக்களிடையே வழங்கும் கதை. மரம் இன்றில்லை, அது நின்ற இடத்தில் நினைவுத்தூண் ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. பயணத்தின் பெரும்பகுதி நேரத்தை இங்கேயே செலவிடுதல் தகும்.

1761 சனவரி 14ஆந் திகதி நடந்த இப்போரின் கதை உண்மையில் இரண்டரை மாதங்களுக்கு முன்னரே தொடங்குகின்றது. தக்கணத்திலிருந்து சதாசிவராவ் பாவ் தலைமையிற் புறப்பட்ட மராட்டியப் படை, 1760ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தில்லியைக் கைப்பற்றியது. அப்போதே பணமுடை தொடங்கிவிட்டது; செங்கோட்டை மண்டபத்தின் வெள்ளிக் கூரைத் தகடுகளைப் பெயர்த்து உருக்கி நாணயம் அடித்தனர். பின்னர் படை வடக்கே சென்றது. அக்டோபர் இறுதியில் அப்தாலி யமுனையைக் கடந்து தில்லிக்கும் மராட்டியருக்கும் இடையே வந்து நின்றான். பானிப்பட்டைச் சுற்றி அகழி வெட்டிப் பாசறையமைத்த மராட்டியர், தெற்கிலிருந்து வரவேண்டிய தானியத்தையும் பணத்தையும் இழந்தனர். உணவு வழங்க முயன்ற கோவிந்த பந்த் புந்தேலா டிசம்பரிற் கொல்லப்பட்டான். பாசறையில் இருந்தோர் போர்வீரர் மட்டுமல்லர். வடநாட்டுத் தீர்த்தங்களைத் தரிசிக்க இதுவே பாதுகாப்பான வாய்ப்பெனக் கருதி உடன்வந்த யாத்திரிகர், வீரரின் மனைவி மக்கள், வணிகர், குதிரைப் பணியாளர், புல்வெட்டுவோர், சமையற்காரர் என வீரரினும் மிகப் பலர் அங்கிருந்தனர். குளிரிலே, போதிய உடையுமின்றி, இவர்களே முதலிற் பட்டினிகிடந்தனர். ஓரிரவு விறகும் புல்லும் தேடிப் பாசறைக்கு வெளியே சென்ற ஆயிரக்கணக்கான ஏவலாளரை ஆப்கானியக் குதிரைப்படை வளைத்துக் கொன்றது. பட்டினியால் இறப்பதினும் போரிட்டு இறப்பது மேல் என்று வீரர் தலைவனிடம் முறையிட்ட பின்னரே போர் நாள் குறிக்கப்பட்டது. முகத்தில் மஞ்சள் பூசி, தலைப்பாகையின் முனையைத் தொங்கவிட்டு, இறப்பதற்குத் துணிந்தோராய் அவர்கள் வெளிப்போந்தனர் என்பர்.

இருபக்கத்துப் படைகளையும் கூர்ந்து நோக்குவோம். மராட்டியரின் பீரங்கிகளுக்கும் பயிற்சிபெற்ற காலாட்படைக்கும் தலைவன் இப்ராகிம் கான் கார்தி என்னும் முஸ்லிம். இறுதிவரை நிலைகுலையாது போரிட்டுச் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டவன் அவன். அப்தாலியின் பக்கத்தில் நின்ற அயோத்தி நவாபு சுஜா உத்தௌலாவின் படையில், அனூப்கிரி கோசாயியின் தலைமையிலே சைவ நாகா சந்நியாசிகள் போரிட்டனர். இப்போரைக் கண்ணாற் கண்டு பாரசீக மொழியில் விவரித்த காசிராஜ பண்டிதர் சுஜாவின் பணியிலிருந்த மராட்டியப் பிராமணர். ராஜபுத்திர அரசர் ஒதுங்கியிருந்தனர். ‘சௌத்’ என்னும் பெயரில் வருவாயின் காற்பங்கைப் பல்லாண்டுகளாக மராட்டியர் பறித்துவந்ததை அவர்கள் மறக்கவில்லை. சூரஜ்மால் தொடக்கத்திற் சேர்ந்திருந்து, பின்னர் பிணங்கி விலகினான். போருக்குப் பின் தப்பியோடி வந்த மராட்டிய அகதிகளுக்கு உணவும் உடையும் அளித்துக் காத்தவனும் அவனே. இங்கே பிளவு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே ஏற்பட்டதன்று. சிதைந்துகொண்டிருந்த முகலாயப் பேரரசின் வரிவருவாய் யாருக்கு என்பதே வழக்கு.

பிற்பகலிற் பேஷ்வாவின் மகன் விசுவாசராவ் குண்டுபட்டு வீழ்ந்தான். பாவ் போரிட்டு மடிந்தான். மாலைக்குள் மராட்டியப் படை அழிந்தது. மறுநாள் சிறைப்பட்டோர் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த பேஷ்வாவுக்கு இச்செய்தி ஒரு வணிகனின் கடிதத்தின் மூலம் எட்டியதாக மராட்டிய வரலாறு கூறும். மறைபொருளாக எழுதப்பட்ட அக்கடிதம், மாண்ட இரு தலைவர்களையும் முத்துக்கள் என்றது. தளபதிகளைப் பொற்காசுகளாக எண்ணியது. ஏனையோரை வெள்ளி என்றும் செம்பு என்றும் கூறி, அவற்றின் இழப்பு கணக்கில் அடங்காது என முடித்தது.

அக்கடிதம் எழுதிய வணிகனுக்குக் கொடுமை செய்யும் நோக்கம் இருந்திருக்காது. தன் தொழிலின் மொழியில் உண்மையை எழுதினான். ஆனால் அவனை அறியாமலே, அக்காலச் சமுதாயத்தின் முழு மதிப்பீட்டையும் எழுதிவிட்டான். முத்துக்கு எண் உண்டு. பொன்னுக்கும் எண் உண்டு. செம்புக்கு எண் இல்லை. புல்வெட்டச் சென்று மாண்டவனும், தீர்த்தமாட வந்து அடிமையானவளும் அச்செம்பினுள் அடங்குவர். அரசர் பெயரோடு தொடங்கி அரசர் பெயரோடு முடியும் நமது சரித்திர நூல்களும் அவ்வணிகனின் பேரேட்டையே இன்றுவரை படியெடுத்து வருகின்றன.

வென்றவர் பெற்றது என்ன? ஊதியம் கிடையாத அப்தாலியின் வீரர் ஊர் திரும்பவேண்டும் என்று கிளர்ந்தனர். சில மாதங்களில் அவன் தில்லியை விட்டு நீங்கினான். பேஷ்வா அதே ஆண்டு சூனில் இறந்தான். பானிப்பட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், தமிழ் மண்ணில், 1761 சனவரி 16ஆந் திகதி புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. பானிப்பட்டுக் களத்திற் பிணங்கள் கிடந்த அதே கிழமையில் இது நிகழ்ந்தது. இரண்டுக்கும் இடையே ஓர் இழை ஓடுகின்றது. மராட்டியப் படையிலே காலாட்படையை நடத்திய கார்தி, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் ஐரோப்பிய முறைப் பயிற்சி பெற்றவன். அந்தப் புஸ்ஸி 1760 சனவரி 22ஆந் திகதி வந்தவாசிப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். வடக்கே அரசர்கள் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டிருக்க, பிளாசியில் 1757இல் வேரூன்றிய வணிகக் கும்பனி 1764இற் பக்சாரில் வென்று, 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்று, 1803இல் தில்லியையும் கைக்கொண்டது. இரண்டு நிலப்பிரபுத்துவச் சக்திகள் மோதி நலிந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு வணிக முதலாளித்துவச் சக்தி அறுவடை செய்தது என்பதே மூன்றாம் பானிப்பட்டுப் போரின் சரித்திரப் பொருள்.

மாலையில் மீண்டும் நகருக்கு வந்து, 1324இல் மறைந்த சூஃபி ஞானி பூ அலிஷா கலந்தரின் தர்காவுக்குச் செல்லலாம். இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து வணங்கும் இடம் அது. அவ்வளாகத்திலே உருதுக் கவிஞர் அல்தாப் உசேன் ஹாலி துயில்கின்றார். 1837இற் பானிப்பட்டிற் பிறந்து 1914இல் மறைந்த ஹாலி, அரசவை அலங்காரங்களிலும் செயற்கைக் காதலிலும் மூழ்கிக்கிடந்த கவிதையை வாழ்க்கையின் பக்கம் திருப்பியவர். விதவையின் துயரைப் பெண்களின் எளிய பேச்சுமொழியிற் பாடியவர். 1893இல் வெளிவந்த தம் திறனாய்வு நூலில், கவிதை சமுதாயத்தோடு கொண்ட உறவை ஆராய்ந்தவர். அவர் வழிவந்தவரே, 1914இல் அவ்வூரிற் பிறந்து, மக்கள் நாடக இயக்கத்தை உருவாக்கியோருள் ஒருவராகி, வங்கப் பஞ்சத்தைத் திரையில் வடித்த குவாஜா அகமது அப்பாஸ். படைகள் வந்துபோன ஊர், முற்போக்கு இலக்கியத்தின் மூதாதையரையும் தந்திருக்கின்றது. பானிப்பட்டு என்றவுடன் பாபரை நினைக்கும் மாணவன் ஹாலியையும் நினைக்கும் நாள் வரவேண்டும்.

ஹாலி பிறந்த சமுதாயம் இன்று அங்கே பெரும்பாலும் இல்லை. 1947இன் பிரிவினையின்போது காந்தியடிகள் நவம்பரிலும் டிசம்பரிலும் பானிப்பட்டுக்குச் சென்று, முஸ்லிம்கள் ஊரைவிட்டு நீங்கவேண்டாம் என வேண்டினார். ஆயினும் நகரின் முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் பாகிஸ்தான் சென்றனர்; மேற்குப் பஞ்சாபிலிருந்து இந்து, சீக்கிய அகதிகள் வந்து குடியேறினர். வந்தவர்களுள் நெசவாளர் பலர். அவர்களது தறிகளிலிருந்தே இன்றைய பானிப்பட்டு வளர்ந்தது. போர்வை, கம்பளம், விரிப்பு ஆகியவற்றுக்கு அது பெயர்பெற்ற நகர். மேல்நாட்டார் அணிந்து கழித்த உடைகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்திறங்குகின்றன. பெண்கள் தரையில் அமர்ந்து பொத்தான்களையும் பற்பிணைகளையும் வெட்டியெடுத்து நிறம்பிரிக்க, இயந்திரங்கள் அவற்றைக் கிழித்துப் பஞ்சாக்கி மீண்டும் நூலாக்குகின்றன. அந்நூலிலிருந்து நெய்யப்படும் மலிவான போர்வைகள் வெள்ளமும் பூகம்பமும் போரும் நிகழ்ந்த நாடுகளுக்கு நிவாரணப் பொருளாகச் செல்கின்றன. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர் அப்பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவாறே உழைக்கின்றனர். இயன்றால், உரியோரின் அனுமதியோடு ஆலையொன்றைப் பார்த்தல் நன்று. வெள்ளியும் செம்புமாக எண்ணப்பட்டோரின் வழித்தோன்றல்களை அங்கே நேரிற் காணலாம். இன்றும் அவர்கள் கணக்கேட்டின் கடைசி வரியிலேயே இருக்கின்றனர்.

மாலைப் புகையிரதத்தில் ஏறினால் இராப்போசனத்துக்குத் தில்லியை அடைந்துவிடலாம். திரும்பும் வழியில் மாணவர் மூன்று வினாக்களுக்கு விடையெழுதட்டும். இம்மூன்று படைகளுக்கும் உணவளித்தவர் யார்? களத்தில் மாண்டவருட் பெயர் எழுதப்படாதவர் யார்? நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சான்றையும் எழுதியவர் யார், யாருக்காக எழுதினார்? இவ்வினாக்கள் பானிப்பட்டுக்கு மட்டும் உரியனவல்ல. எந்த நாட்டின் எந்தப் போர்க்களத்துக்கும் பொருந்துவன. பழைய போர்களை இன்றைய இனப்பகைக்கும் சமயப்பகைக்கும் எரிபொருளாக்குவோர் இவற்றை எழுப்ப விரும்புவதில்லை. ஏனெனில், விடை தேடத் தொடங்கியவுடன் இருபக்கத்துச் செம்பும் ஒரே செம்பாகத் தோன்றத் தொடங்கும்.

தில்லிக்குச் செல்லும் வாய்ப்பு எல்லா ஆசிரியருக்கும் கிட்டுவதன்று. வகுப்பறையிலிருந்தவாறே, தேசப்படத்தின் துணைகொண்டு இப்பயணத்தை மாணவரோடு மேற்கொள்ளலாம். பரீட்சை விடைக்கு மூன்று ஆண்டுகள் போதும். மக்களின் சரித்திரத்தை எழுதப்போகும் தலைமுறைக்கு அவை போதா. பேரேட்டின் கடைசி வரியிலிருந்து வாசிக்கப் பழக்கும் பொறுப்பு நம்முடையதாகும்.